உங்கள் கற்பனை விலங்கு நம்பும்படி இல்லையா? அறிகுறி வாரியாகப் பிழை நீக்கும் வழிமுறை

கதைக்கோ காமிக்ஸுக்கோ கேமுக்கோ புதிதாக ஒரு விலங்கைப் படைத்தால் அதற்கு வரும் குறைகள் பெரும்பாலும் ஒரே பத்துப் பன்னிரண்டுதான். படிக்கிறவர் உயிரியல் பேச மாட்டார். "என்னமோ ஒட்டலைங்க" என்பார், அவ்வளவுதான். அந்த முணுமுணுப்பு எந்த இடத்தில் பிறக்கிறது என்று கண்டுபிடிப்பதே பாதி வேலை. அதனால் கீழே குறைகளை வாசகர் வாயில் வருகிற மாதிரியே தலைப்பாக வைத்திருக்கிறோம். உங்களுக்கு வந்த குறையை மட்டும் பார்த்துச் சரிசெய்துகொள்ளலாம்.

ஒரு எச்சரிக்கை. குறை வந்ததும் விளக்கத்தைக் கூட்டுவது எல்லோரும் செய்யும் தவறு. "அதன் எலும்பு விசேஷமான உலோகம்" என்று ஒரு வரி சேர்த்தால் ஓட்டை அடையாது, கண்ணுக்குப் பளிச்சென்று தெரியும். விலங்குக்கு ஒரு திறமை கொடுத்தால் அதற்கான விலையையும் அதன் உடம்பிலிருந்தே கழிக்க வேண்டும். கீழே உள்ள திருத்தங்கள் எல்லாம் அந்த விலையை எங்கே கழிப்பது என்பதைப் பற்றியவை.

தொடங்குமுன்: ஆறு எண்கள்

ஒரு தாளில் இவற்றை எழுதுங்கள்: எடை (கிலோவில்), தோள் உயரம், வெப்ப ரத்தமா குளிர் ரத்தமா, முக்கிய உணவு, ஆயுள், எத்தனை ஆண்டுக்கு ஒரு குட்டி. இதில் எடைதான் தாய் எண். அது இல்லாமல் எதையும் சோதிக்க முடியாது. "யானை அளவு" என்று எழுதாதீர்கள். வளர்ந்த ஆசிய யானை 3 டன்னும் இருக்கும், 5 டன்னும் இருக்கும்.

எடை தெரியாவிட்டால், உருவத்தில் நெருங்கிய நிஜ விலங்கை எடுத்து, எத்தனை மடங்கு பெரிதாக்கினீர்களோ அந்த எண்ணை மும்முறை பெருக்கி, நிஜ விலங்கின் எடையோடு பெருக்குங்கள். 4 கிலோ பூனையைப் பத்து மடங்கு உயரமாக்கினால் 40 கிலோ வராது, 4,000 கிலோ வரும். பெரும்பாலான பிழைகள் இந்த இடத்திலேயே தொடங்கிவிடுகின்றன.

"இவ்வளவு பெரிய உடம்பு எப்படி நிக்குது?"

காரணம்: உயரம் ஏறும் மடங்கை மும்முறை பெருக்கிய அளவுக்கு எடை ஏறும்போது, அதைத் தாங்கும் எலும்பின் குறுக்குப் பரப்பு இருமுறை பெருக்கிய அளவுக்குத்தான் ஏறும். கலிலியோ 1638-லேயே எழுதிவைத்த விஷயம் இது.

சோதனை: மேலே சொன்ன பூனையின் தொடை எலும்பு சுமார் 1 செ.மீ. தடிமன். பத்து மடங்கு பூனைக்கு 10 செ.மீ. போதாது, அதே அழுத்தத்தில் நிற்க ஏறத்தாழ 32 செ.மீ. வேண்டும். அப்படி வரைந்தால் அது பூனையாக இருக்காது, நாலு தூண் மேல் வைத்த மூட்டையாக இருக்கும்.

திருத்தம்: எலும்பைத் தடிக்க வைப்பதற்கு முன் காலை நிமிர்த்துங்கள். யானை செய்திருப்பது இதைத்தான். பூனை, நாய் நிற்கும்போது முட்டி மடங்கியே இருக்கும். தசை ஓயாமல் இழுத்துப் பிடிக்க வேண்டும். யானையின் கால் நேர்த்தூண், எடை எலும்பு வழியாக நேராகத் தரைக்கு இறங்கிவிடும். இதற்கு விலை, பாய்ச்சல். யானை குதிக்காது. மணிக்கு 24, 25 கி.மீ. வேகத்தில் போகும்போதும் நான்கு காலும் ஒருசேரத் தரையை விட்டு எழாது.

ஆகவே 2 டன்னுக்கு மேல் உள்ள நாலுகால் விலங்கு மரத்துக்கு மரம் தாவுவதாக எழுதியிருந்தால், தாவலை வெட்டுங்கள் அல்லது எடையைக் குறையுங்கள். இரண்டையும் வைத்துக்கொள்ள வழியில்லை. தாவல் போனால் கதை சப்பென்று ஆகிவிடும் என்று பயப்பட வேண்டாம். தாவ முடியாத பெரிய விலங்கை ஓர் அகழி தடுத்துவிடும். யானைக்காகக் காட்டோரங்களில் அகழி வெட்டுகிறார்களே, அதற்குக் காரணமே அதுதான். கதாபாத்திரம் தப்பிக்க உங்களுக்கு ஓர் இடம் கிடைக்கிறது.

"இது எப்படிங்க பறக்கும்?"

இந்தக் குறைக்கு ஒரே ஒரு கணக்குப் போதும். எடையை (கிலோ) இறக்கைப் பரப்பால் (சதுர மீட்டர்) வகுங்கள். வரும் எண்ணுக்கு வர்க்கமூலம் எடுத்து 3.3-ஆல் பெருக்குங்கள். விழாமல் மிதக்கத் தேவையான குறைந்தபட்ச வேகம், வினாடிக்கு இத்தனை மீட்டர் என்று தோராயமாகக் கிடைக்கும்.

80 கிலோ எடை, 8 சதுர மீட்டர் இறக்கை என்றால் வினாடிக்குப் பத்தரை மீட்டர், அதாவது மணிக்கு 38 கி.மீ. எதிர்காற்றில் ஓடிக் கிளம்பிவிடலாம். அதே இறக்கையில் ஒரு டன் டிராகனைத் தூக்கப் பார்த்தால் மணிக்கு 130 கி.மீ.க்கு மேல். அதற்கு விமான ஓடுதளம் வேண்டும்.

நிஜத்தில் பறந்தவற்றில் மிகப் பெரியது டைனோசர் காலத்துப் பறக்கும் ஊர்வனவான குவெட்சால்கோட்லஸ். இறக்கை விரிப்பு 10, 11 மீட்டர். எடை 200 முதல் 250 கிலோ வரை மதிப்பிடுகிறார்கள். இன்று பறக்கும் பறவைகளில் மிகக் கனமானவை கானமயில் வகையைச் சேர்ந்தவை, அவையே 20 கிலோவைத் தொடுவது அரிது. ஆகவே பூமியின் காற்றிலும் ஈர்ப்பிலும் 250 கிலோவை மேல் எல்லையாக வைத்துக்கொள்ளுங்கள். மேலே ஒருவர் உட்கார்ந்து சவாரி செய்ய வேண்டுமானால் அவர் எடையும் அதற்குள் அடங்க வேண்டும். அல்லது பறப்பு என்பது குன்றின் விளிம்பிலிருந்து விழுந்து மிதப்பது மட்டும் என்று வையுங்கள். அப்போது அந்த விலங்கு சமவெளியில் இறங்கவே அஞ்சும். இறங்கினால் நடந்துதான் மலையேற வேண்டும். பிடிக்க வருபவர்களுக்கு இது தெரிந்திருக்கும்.

உலகத்தை மாற்றவும் உரிமை உண்டு. சனியின் துணைக்கோளான டைட்டனில் காற்றின் அடர்த்தி பூமியைப் போல நான்கு மடங்குக்கு மேல், ஈர்ப்பு ஏழில் ஒரு பங்கு. அங்கே மனிதனே கையில் இறக்கை கட்டிப் பறக்கலாம். ஆனால் உலகத்தை மாற்றினால் மழைத்துளி விழும் வேகம், எறிந்த கல் போகும் தூரம் எல்லாம் மாறும். விலங்குக்கு மட்டும் சலுகை கொடுத்துவிட்டு மற்றதை மறந்தால் குறை வேறு வாசலில் வரும்.

இதோடு சேர்ந்தே வருவது நான்கு கால், இரண்டு இறக்கைப் பிரச்சினை. முதுகெலும்புள்ள தரைவாழ் விலங்குகள் எல்லாம் நான்கு உறுப்புக் குடும்பம். பறவையும் வௌவாலும் முன்னங்காலைக் கொடுத்துத்தான் இறக்கை வாங்கின. விதிவிலக்கு மாதிரித் தெரிகிற ஒன்று மேற்குத் தொடர்ச்சி மலையிலேயே இருக்கிறது: பறக்கும் ஓணான். நான்கு காலும் இருக்கும், பக்கவாட்டில் சிறகும் விரியும். அந்தச் சிறகு நீண்ட விலா எலும்புகளுக்கு இடையே பரவிய தோல். ஆறு உறுப்பு வேண்டுமென்று பிடிவாதமாக இருந்தால் இதைக் கடன் வாங்குங்கள். விலை என்னவென்றால் விலாச் சிறகை அடிக்க முடியாது, மரத்திலிருந்து மரத்துக்கு வழுக்கத்தான் முடியும்.

"இது இன்னும் காட்டையே தின்னு தீர்க்கலையா?"

இது தீனிக் கணக்குப் பிழை. ஊனுண்ணி விலங்குகளில் பத்துக்கு ஒன்பதில் இருக்கும்.

ஒரு வெப்ப ரத்த விலங்கு சும்மா படுத்திருக்க ஒரு நாளைக்கு எத்தனை கிலோ கலோரி வேண்டும் என்பதற்குக் கிளைபர் விதி உண்டு: எடையின் முக்கால் அடுக்கை 70-ஆல் பெருக்க வேண்டும். அடுக்கு என்றதும் பயப்படாதீர்கள், கைப்பேசி கால்குலேட்டரிலேயே முடியும்.

1. எடைக்கு வர்க்கமூலம் எடுங்கள்.
2. வந்த விடைக்கு மறுபடி வர்க்கமூலம் எடுங்கள்.
3. இரண்டு விடைகளையும் ஒன்றோடொன்று பெருக்கி, 70-ஆல் பெருக்குங்கள்.
4. வேட்டை, நடை, குட்டி வளர்ப்புக்காக இரண்டரை மடங்கு ஆக்குங்கள்.
5. ஊனுண்ணி என்றால் 1,500-ஆல் வகுங்கள். தினசரி இறைச்சி எத்தனை கிலோ என்று வரும்.

ஒரு டன் விலங்குக்கு இது ஏறத்தாழ 31,000 கிலோ கலோரி, அதாவது நாளுக்கு 20 கிலோ இறைச்சி. குளிர் ரத்தம் என்றால் சுமார் பத்தில் ஒரு பங்கு போதும்.

வேட்டைக்காரன் தின்கிற இறைச்சியை விட, அதைத் தாங்கும் அளவுக்கு இரை விலங்குக் கூட்டம் காட்டில் நிற்கிறதா என்பதே முக்கியமான கேள்வி. கார்போன், கிட்டில்மேன் என்ற இரு ஆய்வாளர்கள் 2002-இல் கண்ட விகிதத்தை அப்படியே பயன்படுத்தலாம்: 10,000 கிலோ இரை இருந்தால் சுமார் 90 கிலோ ஊனுண்ணி வாழும். ஒரு புலிக்கு 500 இரை விலங்குகள் வேண்டும் என்று காட்டியலாளர்கள் சொல்வதும் இதே வகைக் கணக்குதான்.

இப்போது யாளியை எடுத்துக்கொள்வோம். கோயில் தூணில் யானையையே காலடியில் போட்டு மிதிக்கிறது. ஆகவே 2 டன் என்று வைப்போம். யானையை மட்டும் தின்கிறது என்றும் வைப்போம். ஒரு யாளிக்கு நிற்க வேண்டிய இரை 222 டன். குட்டிகளையும் சேர்த்துச் சராசரி யானை இரண்டரை டன் என்றால், ஒரு யாளிக்கு ஏறத்தாழ 90 யானை. தமிழ்நாட்டுக் காடுகளில் உள்ள யானைகள் ஏறத்தாழ 3,000. ஆகவே தமிழ்நாடு முழுதும் தாங்கக்கூடிய யாளி 33!

அதுவும் தாங்காது. ஒரு யாளி நாளுக்கு 35 கிலோ இறைச்சி தின்றால், எலும்பு தோல் கழித்து ஆண்டுக்கு ஏழெட்டு யானை காலி. தொண்ணூறில் எட்டு என்பது எட்டு, ஒன்பது சதவீதம். யானையோ 22 மாதம் சுமந்து, நாலைந்து ஆண்டுக்கு ஒரு கன்று போடும் இனம்; கூட்டம் ஆண்டுக்கு 7 சதவீதம் பெருகினாலே பெரிது. கொஞ்சம் கொஞ்சமாக யானை தீரும், பிறகு யாளி தீரும்.

திருத்த மூன்று வழி இருக்கிறது. எடையை 600 கிலோவாகக் குறைத்தால் நாளுக்கு 14 கிலோ போதும். கடமான், காட்டுமாடு, எப்போதாவது யானைக்கன்று என்று பிழைத்துக்கொள்ளும். இரண்டாவது, குளிர் ரத்தமாக்குவது. கொமோடோ உடும்பு ஒரே மூச்சில் தன் எடையில் 80 சதவீதம் வரை தின்னும், ஆண்டுக்குப் பத்துப் பன்னிரண்டு பெரிய தீனியில் காலம் தள்ளும். அப்படி ஆக்கினால் யாளி பனிக்காலக் காலையில் வெயிலுக்காகப் பாறையில் கிடக்க வேண்டும். நெடுந்தூரம் துரத்த முடியாது, பதுங்கித்தான் பிடிக்கும். மூன்றாவது, பிணந்தின்னியாக்குவது. வேட்டையாடும் பெருமை போய்விடும் என்பதால் யாருக்கும் இது பிடிப்பதில்லை. எங்களுக்கு இதுதான் பிடித்தது. கோடையில் குட்டை வற்றி யானை சாகும் இடங்களை மோப்பத்தால் அறிந்து காத்திருக்கும் யாளி, துரத்துகிற யாளியைவிடக் கிலி தரும்.

"ஒண்ணே ஒண்ணுதான் இருக்கா? அதோட அப்பா அம்மா எங்க?"

ஒற்றை அரக்க விலங்கு கதைக்கு வசதி, இனத்துக்குச் சாவு. 1980-இல் மரபியலாளர் ஃபிராங்க்ளின் சொன்ன 50/500 விதி இங்கே உதவும்: நெருங்கிய உறவுக் கலப்பால் இனம் கெடாமலிருக்க, இனப்பெருக்கத்தில் உண்மையாகப் பங்கெடுப்பவை குறைந்தது 50, நீண்டகாலம் நிலைக்க 500. கிழடு, குட்டி, ஜோடி கிடைக்காதவை எல்லாம் கழிந்த பிறகு வரும் எண் இது. கண்ணுக்குத் தெரியும் எண்ணிக்கை இதைப் போலப் பல மடங்கு இருக்க வேண்டும். மேலே கணக்கிட்ட 33 யாளி இந்த வாசலைத் தாண்டவே இல்லை.

ஒன்றுதான் வேண்டும் என்றால் அது கடைசி விலங்கு என்று வெளிப்படையாக வையுங்கள். உடம்பிலும் காட்டுங்கள்: ஒட்டாத பல், வளைந்த வால் எலும்பு, மலட்டுத்தன்மை. இவை உறவுக் கலப்பில் நிஜமாக வரும் கோளாறுகள்.

எதிர்ப்பிழையும் உண்டு. ஆயுள் ஆயிரம் ஆண்டு, சாவு அரிது, ஆனாலும் குட்டி நிறையப் போடும் என்பார்கள். 20 ஆண்டுக்கு ஒருமுறை இரட்டிக்கும் இனம் ஆயிரம் ஆண்டில் 50 முறை இரட்டிக்கும். ஒரு ஜோடியிலிருந்து கோடி கோடியைத் தாண்டிப் போய்விடும். நீண்ட ஆயுள் கொடுத்தால் பிறப்பைச் சுருக்குங்கள். கிரீன்லாந்து சுறா 270 ஆண்டுக்கு மேல் வாழ்வது உறுதியாகியிருக்கிறது. அது இனப்பெருக்க வயதை எட்டவே ஏறத்தாழ 150 ஆண்டு ஆகும்.

"ரெண்டு விலங்கை வெட்டி ஒட்டின மாதிரி இருக்கு"

ஒட்டு வேலை தெரிவதற்குக் காரணம், உறுப்புகள் வெவ்வேறு வம்சத்திலிருந்து வருவது. திருத்தத்துக்கு ஒரே விதி: ஒரு வம்சத்தைத் தேர்ந்தெடுத்து, மற்ற உறுப்புகளை அந்த வம்சத்தின் சரக்கிலிருந்தே செய்யுங்கள்.

மறுபடி யாளி. சிங்க உடல், தும்பிக்கை, தந்தம். யானையின் தந்தம் மேல் வெட்டுப்பல் நீண்டது. சிங்கத்திலோ இரையைக் கவ்வுவது கோரைப்பல், வெட்டுப்பல் சின்னஞ்சிறியது. யானைத் தந்தத்தை அப்படியே சிங்கத் தாடையில் நட்டால் வாய் மூடாது, கடியும் விழாது. சிங்க வம்சத்தில் தந்தம் வேண்டுமானால் கோரைப்பல்லை நீட்டுங்கள். வால்ரஸ் செய்திருப்பது அதைத்தான். அதன் தந்தம் கோரைப்பல், ஒரு மீட்டர் வரை நீளும். வால்ரஸும் சிங்கமும் ஊனுண்ணி வரிசை என்ற ஒரே பெருங்குடும்பத்தில்தான் வருகின்றன. தும்பிக்கைக்கும் அதே குடும்பத்தில் முன்மாதிரி இருக்கிறது: 'யானை சீல்' என்ற கடல் விலங்கில் ஆணுக்கு இருக்கும் தொங்கு மூக்கு. ஆக யாளியின் இரண்டு விசித்திர உறுப்புக்கும் சிங்கத்தின் சொந்தக்காரர்களிடமே சரக்கு இருக்கிறது.

அடுத்த கேள்வி, தும்பிக்கை எதற்கு? யானைக்குத் தலை கனம், கழுத்து குட்டை, வாய் தரைக்கு எட்டாது, ஆகவே தும்பிக்கை. கழுத்தை வளைத்துத் தண்ணீர் குடிக்கும் சிங்கத்துக்கு இந்தத் தேவை இல்லை. வேறு தேவை கொடுக்க வேண்டும். சிங்கம் பெரிய இரையைத் தொண்டையில் கவ்வி மூச்சை நிறுத்திக் கொல்லும். பிடி பல நிமிடம் நீளும். முகம் முழுதும் இரையின் மயிரிலும் சதையிலும் புதைந்திருக்கும்போது கவ்வுகிறவனுக்கே மூச்சு வாங்கும். நீந்தும் யானை தும்பிக்கையை மேலே நீட்டி மூச்சு விடுவதுபோல, யாளி தும்பிக்கையை நெற்றிப் பக்கம் மடக்கி நிமிர்த்தி மூச்சு விட்டுக்கொண்டே கவ்வியிருக்கட்டும். இதற்கு 60, 70 செ.மீ. போதும், தரை வரை தொங்க வேண்டாம். விலை: மூச்சுக்குழாய் வெளியே ஆடிக்கொண்டிருக்கிறது, ஒரு உதை பட்டால் தீர்ந்தது. ஆகவே யாளி முன்னாலிருந்து வராது. வயதான யாளிகளின் தும்பிக்கை தழும்பேறி, நுனி கிழிந்து இருக்கும். சண்டைக் காட்சி எழுதுகிறவருக்கு வேறென்ன வேண்டும்?

"நெருப்பு எங்கிருந்து வருது?"

வயிற்று வாயு என்று எழுதியிருப்பீர்கள். கணக்குப் பாருங்கள். ஒரு மாடு நாளுக்கு 250 முதல் 500 லிட்டர் வரை மீத்தேன் விடுகிறது. 500 லிட்டரை ஒரு சொட்டு விடாமல் சேர்த்தாலும் 14.2 கிலோ சமையல் சிலிண்டரில் 400 கிராம் எரிவாயுவுக்குத்தான் சமம். அதைச் சேர்த்துவைக்க 500 லிட்டர் தண்ணீர்த் தொட்டி அளவு பை வேண்டும். வாயுத் தீ தூரமும் போகாது, வாய்க்கு முன்னாலேயே பொங்கி அணைந்துவிடும்.

திரவம்தான் தூரம் போகும். எண்ணெய் போன்ற கொழுப்பு கிலோவுக்கு 9,000 கிலோ கலோரி. ஒரு டன் விலங்கு 5 கிலோவைப் பீச்சினால் அதன் ஒன்றரை நாள் தீனி போச்சு. ஆகவே அது சும்மா மிரட்டுவதற்கெல்லாம் நெருப்பு உமிழாது. பட்டினி கிடந்த விலங்கால் உமிழவே முடியாது.

நாங்கள் பரிந்துரைப்பது தீயை விட்டுவிட்டுக் கொதிநீருக்குப் போவதை. பாம்பார்டியர் வண்டு வயிற்றில் ஹைட்ரோகுவினோனையும் ஹைட்ரஜன் பெராக்சைடையும் ஒரு பையில் வைத்திருக்கும். அதைத் தடித்த சுவருள்ள இன்னோர் அறைக்குள் விட்டு நொதியோடு கலந்ததும், ஏறத்தாழ 100 டிகிரியில் வெடித்துப் பீறிடும். ஒரே பீச்சாக வராது. வினாடிக்கு நூற்றுக்கணக்கான துடிப்பாக விட்டுவிட்டு வரும், அதனால் வண்டின் உடம்பு வேகாது. உங்கள் விலங்குக்கும் இரண்டு அறை, இடையில் ஒரு வால்வு, துடிப்பான பீச்சு என்று வையுங்கள். பழுதாகும் இடமும் தெளிவு: வால்வில் புண் வந்த விலங்கு உள்ளேயே வெந்து சாகும்.

"எப்பப் பாத்தாலும் கோவமாவே இருக்கு"

கேம்களில் அதிகம் காணும் நோய். மனிதனைக் கண்டால் பாயும், செத்தாலும் விடாது. நிஜ வேட்டை விலங்கு கஞ்சன். புலியின் முயற்சிகளில் பத்தில் ஒன்பது வீண் என்பது சாதாரணம். சிங்கம் மூன்று நான்கு முறைக்கு ஒருமுறை வெல்லும். காலில் ஒரு வெட்டுப் பட்டால் அடுத்த வேட்டை இல்லை, பட்டினிதான். ஆகவே சண்டையைத் தவிர்ப்பதே அதன் முதல் வேலை.

24 மணி நேர அட்டவணை ஒன்று போடுங்கள். சிங்கம் ஏறக்குறைய 20 மணி நேரம் படுத்தே கிடக்கும். யானை 16 மணி நேரத்துக்கு மேல் தின்றுகொண்டேயிருக்கும். உங்கள் விலங்கு எந்தப் பக்கம்? படுத்திருக்கும் நேரத்தில் அதைக் கடந்து போக முடியும் என்பது அட்டவணையிலேயே வந்துவிடும்.

பிறகு எச்சரிக்கைப் படிகளை எழுதுங்கள். யானையிடம் கற்கலாம். காதை அகல விரித்து, தலையைத் தூக்கி, சத்தமாக ஓடி வந்து பாதியில் நின்றால் பெரும்பாலும் மிரட்டல். காதை ஒடுக்கி, தும்பிக்கையைச் சுருட்டி உள்ளே வைத்துக்கொண்டு சத்தமில்லாமல் வந்தால் நிஜம். உங்கள் விலங்குக்கும் இப்படி மூன்று படிகள் வேண்டும்: பார்த்துவிட்டேன், விலகு, இனி வருகிறேன். மூன்றாவது படி முதல் இரண்டையும்விட அடக்கமாக இருக்கட்டும். காரணமில்லாக் கோபம் கட்டாயம் வேண்டுமென்றால் அதற்குக் காலம் குறியுங்கள். மதம் பிடித்த ஆண் யானைக்குக் கண்ணுக்கும் காதுக்கும் நடுவே மதநீர் வழியும், சிறுநீர் சொட்டிக்கொண்டே போகும். அந்த வாடை கிராமத்துக்கு முன்னறிவிப்பு.

"இந்தப் பலவீனம் சும்மா வசதிக்கு வச்சது"

இதற்கு நம்மிடமே ஒரு பழைய நோயாளி இருக்கிறது: சங்கப் பாடல்களில் வரும் அசுணம். மலைக்குகையில் வாழும், யாழ் என்று நினைத்துத் தும்பியின் இசையைக் கூர்ந்து கேட்கும். வேடன் முதலில் யாழை மீட்டி அதை வரவழைத்து, பிறகு பறையை அறைந்து கொல்வான். ஒரு சத்தத்துக்குச் சாகும் விலங்கு இடி இடிக்கும் மலையில் எப்படி உயிரோடு இருக்கும் என்பதே குறை.

இரண்டு நிஜச் சரக்கை வைத்து இதைச் சரிசெய்யலாம். முதலாவது சாகும் வழி. மான் இனங்களைத் துரத்திப் பிடிக்கும்போது உடம்பில் காயமே இல்லாமல் சாவது உண்டு. அச்சத்தில் தசை சிதைந்து, அந்த நச்சு சிறுநீரகத்தையும் இதயத்தையும் தாக்கும். கால்நடை மருத்துவர்கள் மானைப் பிடிக்கும்போது முதலில் கண்ணைக் கட்டுவது இதற்காகத்தான். அசுணம் இந்த வகையில் உச்சம் என்று வையுங்கள்.

இரண்டாவது, இடியிலிருந்து தப்பும் வழி. நடுச்செவியில் அங்கவடி எலும்பை இழுக்கும் ஒரு சிறு தசை இருக்கிறது. பெரும் சத்தம் வந்தால் அது இறுகி, ஒலி உள்ளே போவதைக் குறைக்கும். ஆனால் இறுக, மில்லிவினாடிக் கணக்கில் கொஞ்சம் நேரம் பிடிக்கும். வௌவால் தன் கூச்சலே தன் காதைக் கெடுக்காமலிருக்க, கத்துவதற்கு முன்பே அதை இறுக்கிக்கொள்ளும். அசுணமும் மின்னலைக் கண்டதும் இறுக்கிக்கொள்ளட்டும். இடி பின்னால்தானே வருகிறது. மெல்லிய இசை கேட்கும்போது மட்டும் அந்தத் தசை முழுக்கத் தளரும். இப்போது வேடன் யாழில் ஏன் தொடங்கினான் என்பது தானே விளங்குகிறது: தசையைத் தளர்த்த. தளர்ந்த கணத்தில் பறை அறைந்தால் இறுக நேரமில்லை. பாட்டில் இருந்த வரிசை மாறவில்லை, அதற்கு உடற்கூறு கிடைத்துவிட்டது.

எந்தப் பலவீனத்துக்கும் இதே முறைதான். அது மற்ற நாட்களில் விலங்கைக் கொல்லாமலிருக்க என்ன காவல் இருக்கிறது என்று கண்டுபிடியுங்கள். பிறகு அந்தக் காவல் எப்போது தூங்கும் என்று கண்டுபிடியுங்கள். தூங்கும் நேரம்தான் உங்கள் கதையின் முடிச்சு.

சட்டென்று தீரும் சில குறைகள்

ராட்சதப் பூச்சி: பூச்சிக்கு நுரையீரல் இல்லை; உடம்பெங்கும் ஓடும் காற்றுக் குழாய்களில்தான் ஆக்சிஜன் போகிறது, பெரிய உடம்பில் அது எட்டாது. 70 செ.மீ. இறக்கை விரிப்புள்ள, தட்டான் போன்ற மெகநியூரா என்ற பூச்சி வாழ்ந்த 30 கோடி ஆண்டுக்கு முந்தைய காற்றில் ஆக்சிஜன் இன்றைய 21 சதவீதத்தைவிட மிக அதிகம். அப்படி ஒரு காற்றை வைத்தால் காட்டுத்தீயும் சுலபமாகப் பற்றும், மறக்காதீர்கள். இன்றைய காற்றில் தரையில் வாழும் கணுக்காலிகளில் பெரியது தென்னை நண்டு, 4 கிலோ. ஓடு கழற்றும் நாட்களில் வளையை விட்டு வராது.

விஷம்: தானே சுரப்பதா, தின்பதிலிருந்து சேர்ப்பதா என்று முடிவெடுங்கள். தென்னமெரிக்க விஷத் தவளையைக் கூண்டில் வைத்து வேறு தீனி போட்டு வளர்த்தால் விஷமே இராது. கூண்டில் வளர்ந்த உங்கள் விலங்கும் அப்படியே.

பாலைவனத்தில் பெரிய விலங்கு: உடம்பு பெரிதாகப் பெரிதாகச் சூட்டை வெளியேற்றும் தோல் பரப்பு எடையோடு ஒப்பிட்டால் குறையும். காதைப் பெரிதாக்குங்கள், அல்லது ஒட்டகம்போல உடல் சூட்டைப் பகலில் ஏறவிட்டு இரவில் இறக்குங்கள். தாகத்தில் இருக்கும் ஒட்டகத்துக்கு 34-லிருந்து 40 டிகிரி வரை ஊசலாடும்.

குரல்: பெரிய உடம்பு, தாழ்ந்த சுரம். யானை மனிதக் காதுக்கு எட்டாத தாழொலியில் கிலோமீட்டர் கணக்கில் பேசிக்கொள்கிறது. உங்கள் 5 டன் விலங்கு கிரீச்சிட்டால் அதற்குத் தனிக் காரணம் வேண்டும்.

"எல்லாம் சரியாத்தான் இருக்கு, ஆனா பாடம் படிக்கிற மாதிரி இருக்கு"

மேலே உள்ள எல்லாக் கணக்கையும் போட்டு முடித்தவர்களுக்கு வரும் குறை. கணக்கையே கதையில் கொட்டியிருப்பீர்கள்.

எண்கள் உள்ள வாக்கியங்களை எல்லாம் அடிக்கோடிட்டு வெட்டுங்கள். ஒவ்வொன்றுக்கும் பதிலாக அந்த விலங்கின் அருகே வாழ்பவர்கள் செய்கிற ஒரு காரியத்தை வையுங்கள். நாளுக்கு 14 கிலோ இறைச்சி என்பதை வெட்டிவிட்டு, மாடு மேய்ப்பவர் மாலையில் எண்ணிக்கை குறைந்தால் எந்த ஓடைப் பக்கம் தேடப் போக மாட்டார் என்று எழுதுங்கள். குளிர் ரத்தம் என்பதற்குப் பதில், மார்கழியில் மட்டும் விடிகாலையிலேயே விறகுக்குப் போகிறார்கள் என்று எழுதுங்கள். தாவாது என்பதற்குப் பதில், ஊர் எல்லையில் ஆளுயரக் குழியும் அதன் மேல் எடுத்துப்போடக்கூடிய பலகையும்.

பிறகு கணக்கே தெரியாத ஒருவரிடம் கொடுத்துப் படிக்கச் சொல்லி, மூன்று கேள்வி கேளுங்கள். இது எப்போது தூங்கும்? எதற்குப் பயப்படும்? இதைத் தாண்டி ஆற்றுக்குப் போக வேண்டுமானால் நீங்கள் எந்த வேளையில் போவீர்கள்? மூன்றில் இரண்டுக்கு அவர் தயங்காமல் பதில் சொன்னால் தாளை மடித்து வைத்துவிடலாம். தயங்கினால், எந்தக் கேள்வியில் தயங்கினாரோ அந்தப் பகுதிக்குத் திரும்பி, வெட்டிய வாக்கியங்களில் ஒன்றே ஒன்றை மட்டும் மீண்டும் சேருங்கள்.